எண்ணெய் உறங்கும் நேரம்

எண்ணெய் இந்நேரம் செத்திருக்க வேண்டும். சாகவில்லை. ஏன் என்று தாரணிக்குப் புரியவில்லை.

ஆய்வுக்கூட மேசைமேல் இரண்டு பேரிங்குகள் பக்கத்தில் பக்கத்தில் சுழன்றுகொண்டிருந்தன. இடப்பக்கத்தில் அவள் பல வருடம் பாடுபட்டு வளர்த்த புது எண்ணெய், உறக்கமே வேண்டாத எண்ணெய். வலப்பக்கத்தில் பழையது, சும்மா ஒப்பிட்டுக் காட்டுவதற்கு. நிறுத்தாமல் ஓடவிட்டால் பழையது இரண்டொரு நாளில் நுரை கட்டிக் கறுத்து நாறிப்போகும், புதியது பளபளவென்று ஓடிக்கொண்டிருக்கும், முதலாளி வீட்டுப் பையன் மிதுனைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று நினைத்திருந்தாள். வாரங்கள் போய்விட்டன. இரண்டும் ஒன்றை ஒன்று சட்டை செய்யாமல் சுழன்றன. மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். இரண்டிலும் ஒரே புளித்த கரும்புச்சாற்று வாசம். ஆரோக்கியமான வாசம்.

எண்ணெய் என்று சொன்னாலும் அது ஓர் உயிர். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் யந்திரத்தின் மூட்டுகளுக்குள் படலமாகப் படிந்து, குழாயில் வரும் கரும்புப் பாகைத் தின்று, எண்ணெயைச் சுரந்துகொண்டே இருக்கும். கண்டுபிடித்தவர் லெனக்ஸ் ஃபோர்ட். கயானாவில் கரும்புத் தோட்டத்துக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்து, உலகத்தைப் பாதி சுற்றி, கடைசியில் சூலூரில் வீடு கட்டிக்கொண்டவர். கோயம்புத்தூரைச் சுற்றியிருந்த நூற்பு மில்களெல்லாம் அவருடைய எண்ணெயில்தான் ஓடின. எண்ணெய் போடுவதற்கென்று யந்திரத்தை நிறுத்திய காலம் போயே போய்விட்டது.

அதில் ஒரே ஒரு குறை. அது உறங்கும்.

ஷிப்டுக்கு ஒரு தடவை, பகல் ஷிப்டில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சற்று நேரம் கழித்து, படலம் மெல்ல மெலியும். நூல் நூற்கும் ஃப்ரேம் தானாகவே வேகம் குறைந்து நிற்கும். ஒரே குழாயில் பாகு குடிப்பதால் ஷெட்டில் இருக்கும் எல்லா ஃப்ரேமும் ஒன்றாக நிற்கும். அறுந்த இழையை ஒட்டுவதற்குப் பெண்களின் விரலை மிஞ்சிய கருவி இன்னும் வரவில்லை. ஆகவே நீளநீளமான ஃப்ரேம்களுக்கு நடுவே, காலில் சக்கர ஷூ மாட்டிக்கொண்டு, ஷிப்டு முழுக்க உருண்டுகொண்டே இருப்பார்கள். எண்ணெய் உறங்கிய உடனே அத்தனை பேரும் சக்கரத்தைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். மில் காப்பகத்திலிருந்து கைக்குழந்தைகள் வரும். ஒருத்தி இன்னொருத்தியின் காலை எடுத்து மடியில் வைத்துப் பிடித்துவிடுவாள். எல்லாம் கிசுகிசுப்பில்தான். உறங்கும் எண்ணெயைச் சத்தம் போட்டு எழுப்பக் கூடாது என்று யார் முதலில் சொன்னார்களோ தெரியாது. புதிதாக வரும் சூப்பர்வைசர்கள்கூட ஒரே வாரத்தில் அங்கே குரலைத் தணித்துக்கொள்வார்கள். ஆளுக்கு இத்தனை நிமிடம் ஓய்வு என்று சட்டம் முன்பும் இருந்தது. ஆனால் அது முறை வைத்து, ஒருத்திக்கு இன்னொருத்தி மாற்றாக நின்று, தனித்தனியாகத் தின்று முடிக்கும் ஓய்வு. ஷெட் முழுவதும் சேர்ந்து உட்கார்ந்தது எண்ணெயால்தான்.

அந்த நேரத்தைத்தான் மிதுன் கேட்டான். கெட்டவனில்லை. பக்கத்து நாட்டு மில்கள் நூலை மலிவாகக் கொட்டுகின்றன, அந்த அரைமணி கிடைத்தால் தாக்குப்பிடிக்கலாம் என்று பணிவாகத்தான் சொன்னான். உறங்காத எண்ணெய் ஒன்று வந்தால் அதற்கு மேடம் பேரையே வைத்துவிடலாம் என்றும் சொன்னான். அந்தக் கடைசி வார்த்தை தாரணிக்குள் எங்கோ போய் ஒட்டிக்கொண்டது. இத்தனை வருடமும் அவள் 'லெனக்ஸ் சாரோட அசிஸ்டன்ட்'. அவர் ஓய்வு பெற்று, அவளுடைய மேசையும் நாற்காலியும் பெரிதான பிறகும் அப்படித்தான். அந்தப் பெயர் அவளுக்குக் கசக்கவில்லை. ஆனால் தனக்கென்று ஒன்று வேண்டும் என்ற ஆசை, குளித்துவிட்டுத் தலை துவட்டும்போதும், கீரை ஆயும்போதும், யாரும் கூப்பிடாமலே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

இப்போது பழைய எண்ணெய் சாக மறுத்தது.

தன் பரிசோதனையில் என்ன தப்பு என்று தேடினாள். ஒரே ஒரு வித்தியாசம்தான் தெரிந்தது. மில்லில் பாகு குழாய் வழியாக வரும். இங்கே அவளே சொட்டுக் குழலில் எடுத்து ஊட்டினாள். மறுநாள் மதியம் ஷெட்டுக்குப் போய்ப் பாகுக் குழாயின் தலைமாட்டில் காத்திருந்தாள். அங்கே சிவப்பு வர்ணம் பூசிய ஒரு வால்வு. எல்லோருக்கும் தெரிந்த வால்வுதான். எண்ணெய் உறங்கும்போது அது மூடிக்கொள்ளும், விழித்ததும் திறந்துகொள்ளும். தூங்குகிற பிள்ளைக்கு யாராவது சோறு ஊட்டுவார்களா என்று அவளே பயிற்சிக்கு வருபவர்களுக்கு விளக்கியிருக்கிறாள்.

அன்றைக்கு உற்றுப் பார்த்தாள். முதலில் மூடிக்கொண்டது வால்வு. அதற்கு நல்ல நேரம் கழித்துத்தான் எண்ணெய் மெலிந்தது. அது உறக்கமில்லை, பட்டினி.

இத்தனை வருடத்தில் ஒருவரும் இதைச் சோதிக்காதது ஏன் என்று யோசித்தபோது அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சோதிக்க வேண்டுமென்றால் உறங்க விடாமல் அதைச் சாகடித்துப் பார்க்க வேண்டும். அது உயிராயிற்றே, பாவம் என்று விட்டுவிட்டார்கள். அவளும்தான். கோடிக்கணக்கான நுண்ணுயிர்களை வாரந்தோறும் கொதிநீரில் கழுவிக் கொட்டுகிறவள், தூக்கத்தைக் கெடுக்க மட்டும் மனம் வராமல் இருந்திருக்கிறாள்.

சூலூருக்குப் போனாள். லெனக்ஸ் கொல்லையில் மிளகாய்ச் செடிகளுக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி ஸ்டெல்லா, காரமடையில் நர்ஸாக இருந்தவர், டீயைக் கையில் கொடுத்துவிட்டு எச்சரித்தார்: "அவருக்குக் காது மந்தம்னு நெனச்சுக் கத்தாதீங்க கண்ணு. வேண்டாத பேச்சு மட்டுந்தான் கேக்காது."

லெனக்ஸ் தமிழ் கற்றது மில் பெண்களிடம். அதனால் 'ங்க' போடாமல் அவருக்குப் பேச்சே ஓடாது.

"சார், எண்ணெய் தூங்கறதே இல்லை," என்றாள் தாரணி.

அவர் கையிலிருந்த களையின் வேர் மண்ணை உதறினார். இன்னொரு களையையும் பிடுங்கினார். பிறகு மெல்ல எழுந்து நின்றார்.

"யாராச்சும் வந்து கேப்பாங்கன்னு பாத்துட்டே இருந்தனுங்க அம்மணி. ஒருத்தரும் வரலீங்க. நம்ம சனங்களுக்கு என்னதான் ஆச்சோன்னு நெனச்சேன்."

"மறைச்சு வெச்சுட்டு, கேக்கலைன்னு குறையா?"

"மறைக்கலியே. செவப்புப் பெயின்ட் அடிச்சுல்ல வெச்சிருக்குதுங்க."

ஸ்டெல்லா உள்ளேயிருந்து சிரிப்பது கேட்டது. அவருக்கு முன்பே தெரியும் போலிருந்தது. நிழலில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு லெனக்ஸ் சொல்ல ஆரம்பித்தார். தாரணிக்குத் தெரிந்த கதைதான் பாதி. மீதியை அவர் எந்த மேடையிலும் சொன்னதில்லை.

அவருடைய அப்பா சர்க்கரை ஆலையில் எண்ணெய்க்காரர். எண்ணெய்ச் செம்பைத் தூக்கிக்கொண்டு அவர் உள்ளே வந்தால் யந்திரத்தை நிறுத்தியாக வேண்டும். மழை வருகிறதா என்று பார்ப்பதுபோல் ஆலை முழுக்க அவர் வரவைப் பார்க்குமாம். அவர் மூட்டு மூட்டாக எண்ணெய் விட்டு முடிக்கிற வரையில் எல்லோரும் உட்காரலாம். சிறுவனுக்குத் தெரிந்ததெல்லாம், தன் அப்பா குனிந்து நிமிர்ந்து சிரமப்படுகிறார் என்பது மட்டும். பெரியவனாகிப் படித்து, தானே எண்ணெய் போட்டுக்கொள்ளும் பேரிங் ஒன்றைச் செய்தார். உயிரெண்ணெய்க்கு வெகு முன்னால், வெறும் உலோகத்தில் செய்தது. வாங்க வந்த வெள்ளைக்காரர்கள் கேள்வியையெல்லாம் அவருடைய வெள்ளை உதவியாளனிடமே கேட்டார்கள். அவன் திரும்பி இவரைப் பார்ப்பான், இவர் பதில் சொல்வார், அவர்கள் அவனுக்கு நன்றி சொல்வார்கள். அதையெல்லாம் லெனக்ஸ் இப்போது வேடிக்கையாகத்தான் சொன்னார். இங்கே வந்த புதிதில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், தெருவே கரிக்கட்டை நிறத்தில் இருந்துகொண்டு இவரைக் கறுப்பு என்று திருப்பி அனுப்பியது. "எங்க வூட்டுக்காரரு உங்களவிடக் கறுப்புங்க சார், அவருக்கே நான் வூடு குடுத்திருக்கேன்" என்று ஒரு மில் பெண் சொல்லப்போய், அவள் மாமனாரின் மாடியில்தான் குடியேறினார். ஸ்டெல்லா எதிர் வீட்டில் இருந்தார்.

வேடிக்கையாகச் சொல்ல முடியாததும் ஒன்று இருந்தது. அந்த முதல் பேரிங்கை அவர் தன் ஊர் ஆலைக்கே சும்மா கொடுத்தார், அப்பாவுக்குப் பரிசு மாதிரி.

"அப்பாவுக்கு வேலை போச்சுங்க. அது எனக்கு முன்னயே தெரியும், நான் சம்பாதிக்கறனே, போனாப் போகுதுன்னு இருந்தேன். மத்தவங்களை நெனைக்கலை. மெஷின் நிக்கவே இல்லீங்க. எங்க தெருவுல வெர்னான்னு ஒரு அக்கா. ரோலருக்குக் கரும்பு தள்ளற வேலை. நின்ன வாக்குலயே கண்ணசந்துட்டாங்க." தன் வலது கையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார். "அதுக்கப்பறம் எங்க தெருவுல அப்பாகூட யாரும் பேசலை. பையன் கண்டுபுடிச்சான்னு பெருமையாச் சொல்லி வெச்சிருந்தாருல்ல."

மிளகாய்ச் செடிமேல் ஒரு வண்ணத்துப்பூச்சி உட்காருவதும் எழுவதுமாக இருந்தது.

"அடுத்தாப்ல உயிரெண்ணெய் வந்துதுங்க. இது அதைவிட நல்லா ஓடும்னு தெரிஞ்சப்போ எனக்குப் பயமாப் போச்சு. மனுசங்களுக்கு ஓய்வு வேணும்னு சொல்லிப் பாத்தேன். யாரும் காதுலயே போட்டுக்கலை. மெஷினுக்கு வேணும்னு சொன்னேன். உடனே நேரம் ஒதுக்கிட்டாங்க."

"ஆனா அது பொய்தானே சார்."

"பொய்தானுங்க," என்றார் லெனக்ஸ் தயங்காமல். "நீங்க என்ன செஞ்சாலும் எனக்குச் சம்மதமுங்க. உங்க எண்ணெயும் நல்ல எண்ணெய்தான், நான் பாத்திருக்கேன்."

அவர் கெஞ்சியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். எரிச்சலோடு பஸ் ஏறினாள். ஜன்னலோரத்தில் உட்கார்ந்த பிறகுதான் முழுதாக உறைத்தது. அவள் நீக்கிய உறக்கம் ஒருபோதும் இருந்ததே இல்லை. இல்லாத நோய்க்கு இத்தனை வருடம் மருந்து தேடி, கண்டும் பிடித்திருக்கிறாள். பஸ்ஸில் தனியாகச் சிரித்தாள். பக்கத்தில் இருந்த அம்மாள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

உண்மையைச் சொன்னால் மிதுன் ஒரு நிமிடத்தில் வால்வைக் கழற்றிவிடுவான். ஷெட் இனி உட்காராது. மறைத்தால் நாளைக்கு வேறொருத்தி அதே மேசையில் அதே இரண்டு பேரிங்குகளைச் சுழலவிடுவாள். பொய்யைக் காவல் காப்பது என்றால் வாழ்நாள் வேலை. தாரணிக்கு அந்த வேலை வராது. பால்காரரிடம் வீட்டில் இல்லை என்று சொல்லக்கூட அவளுக்கு வராது.

அந்த வாரம் தினமும் மதியம் ஷெட்டில் போய் உட்கார்ந்தாள். சிந்துஜா என்ற பெண், ஷெட்டிலேயே வாய் நீளமானவள், பக்கத்தில் நகர்ந்து வந்து கிசுகிசுத்தாள்: "ஏனுங்க மேடம், எண்ணெயோட சேந்து நீங்களும் தூங்கறீங்களா? மூஞ்சி அப்புடி இருக்குது."

"நீ ஏன் உக்காந்ததும் முழங்காலைப் புடிச்சுட்டு மொனகற? ஓடறப்போ வலிக்காதா?"

"ஓடறப்போ வலிக்கறதுக்கு எங்கீங்க நேரம்? உக்காந்தாத்தான் அது மேல வரும். வந்துட்டு, செரி, பொழைச்சுப்போன்னு விட்டுட்டுப் போகும். உக்காராம இருந்தீங்கன்னா உள்ளயே தங்கிக்கும்."

சொல்லிவிட்டு அவள் பக்கத்துக் குழந்தையின் மூக்கைக் கிள்ளப் போய்விட்டாள். தாரணி அங்கேயே உட்கார்ந்திருந்தாள். ஓடும் உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்வதில்லை, நின்ற உடம்புதான் செய்துகொள்கிறது. பட்டினி கிடக்கும் சில நுண்ணுயிர்கள் தம்மைச் சுற்றிக் கெட்டியாக ஓடு கட்டிக்கொள்ளும் என்பது அவளுக்குத் தெரியும். அந்த ஓடு எஃகின் கீறல்மேல் படியும்படி செய்தால்? பேரிங்கின் தேய்மானத்தை எண்ணெயே நிரப்பும். ஆனால் ஓடிக்கொண்டே அதைச் செய்ய முடியாது. அதற்கு அது நிஜமாகவே உறங்கியாக வேண்டும்.

எண்ணெய்க்கு உறக்கத்தைக் கற்றுக்கொடுக்க உட்கார்ந்தாள்.

உறங்காத எண்ணெய் தயாராக இருக்கிறது, அதைவிட ஒன்று வரப் பார்க்கிறது, அடுத்த தை வரை பொறுங்கள் என்று மிதுனிடம் கேட்டு வாங்கினாள். அந்த மாதங்களைப் போல நிம்மதியான மாதங்கள் அவளுக்கு வாய்த்ததில்லை. முன்பெல்லாம் ஒரு பேரிங் நின்றுபோனால் மனம் சோரும். இப்போது நின்றுபோனால் கையைத் தட்டுவாள். ஸ்டெல்லா சோறு கட்டி அனுப்பினார். லெனக்ஸ் வரவில்லை. வந்தால் யோசனை சொல்லிவிடுவேன், அது வேண்டாம் என்றார்.

தை பிறந்து, ஒரு மதியம், ஷெட்டைப் பார்த்த கண்ணாடி அறையில் மிதுனை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். வால்வு, வெர்னா அக்கா, சாகாத பழைய எண்ணெய், எதையும் விடவில்லை. கீழே ஃப்ரேம்கள் அப்போதுதான் நின்றிருந்தன. மிதுனின் முகம் சிவந்தது. மேசையைக் குத்த ஓங்கிய கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"இத்தனை வருசம் எங்க தாத்தாவை, அப்பாவை, என்னை, எல்லாரையும் முட்டாளாக்கியிருக்காரு," என்று கிசுகிசுத்தான். "நீங்க அதை இவ்வளவு சாதாரணமாச் சொல்றீங்க!"

"சத்தமாவே பேசலாம் சார். அது தூங்கலை."

அவன் வாயைத் திறந்தான். கீழே பார்த்தான். ஒருத்தி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். வாயை மூடிக்கொண்டான். மறுபடி பேசியபோதும் அதே தணிந்த குரல்தான்.

தாரணி இரண்டு குப்பிகளை மேசைமேல் வைத்தாள். ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் பேரிங் தேய்ந்துகொண்டே வரும், இப்போது போலவே வருடா வருடம் கழற்றி மாற்ற வேண்டும். மற்றது தினமும் நிற்கும், ஆனால் நின்ற நேரத்தில் பேரிங்கைப் புதிதாக்கிவிடும். நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். உண்மையோடு வந்ததில் வருத்தம் இல்லை. அது தோற்கவும் கூடும் என்பதுதான் அப்போது தெரிந்தது. அவன் முதல் குப்பியை எடுத்தால் அவள் கையால் செய்த எண்ணெயே அந்தப் பெண்களை எழுப்பிவிடும்.

மிதுன் வெகுநேரம் கணக்குப் போட்டான். பேரிங் மாற்ற ஃப்ரேமைப் பிரித்துப்போடும் நாட்கள், அதற்குக் கப்பலில் வரும் சாமான், அது வரும்வரை காத்துக்கிடப்பது. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பது அவளுக்கும் தெரியும். கடைசியில் இரண்டாவது குப்பியை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டான். கணக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் சாய்கிறது என்றான். பிறகு, இதைப் பற்றி வெளியே பேச வேண்டாம், தாத்தா படத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது என்றான்.

புது எண்ணெய் ஊற்றிய அன்று லெனக்ஸ் மில்லுக்கு வந்தார். பெண்கள் சக்கரக் காலோடு உருண்டு வந்து சூழ்ந்துகொண்டார்கள். தலை நரைத்துவிட்டது, அக்கா சோறு போடுகிறதில்லையா என்று விசாரித்தார்கள். அவர் தன் கையாலேயே அந்தச் சிவப்பு வால்வைக் கழற்றி, வெறும் குழாயை இணைத்தார். இனிமேல் பாகு நிற்காது. எண்ணெய் தனக்கு வேண்டும்போது உறங்கினால்தான் ஓய்வு உண்டு. கழற்றிய வால்வை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வழக்கமான நேரம் வந்தது. போயிற்று. ஃப்ரேம்கள் ஓடின. உருண்டு போகும்போதெல்லாம் சிந்துஜா தாரணியைக் கண்ணால் கேட்டுவிட்டுப் போனாள். தாரணி சுவரில் சாய்ந்து நின்றாள். மேசைமேல் ஒரு பேரிங் உறங்கியதைப் பார்த்திருக்கிறாள். ஒரு ஷெட் உறங்குமா என்று அவள் பார்த்ததில்லை.

கோடியில் இருந்த ஒரு ஃப்ரேம் மட்டும் மெல்ல வேகம் குறைந்து நின்றது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் சக்கரத்தைக் கழற்றி, தனியாக உட்கார்ந்தாள். மற்றவர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் தாரணிக்கு உறைத்தது. அத்தனை ஃப்ரேமையும் ஒன்றாக நிறுத்தியது அந்த வால்வு அல்லவா? அது இல்லையென்றால் ஒவ்வொன்றும் அதனதன் நேரத்தில் நிற்கும். ஓய்வு இருக்கும். சேர்ந்து உட்காருவது இருக்காது. இதை எப்படி யோசிக்காமல் விட்டாள்? தனியாக உட்கார்ந்த பெண் சுற்றும் முற்றும் பார்த்தாள். பேச ஆள் இல்லாமல் தன் காலைத் தானே பிடித்துவிட்டுக்கொண்டாள்.

லெனக்ஸும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை சட்டைப் பைக்குள் போனது.

அடுத்த ஃப்ரேம் நின்றது. அதற்கடுத்தது. பிறகு எதிர்வரிசையில் ஒன்று. பாகுக் குழாயின் வழியே ஏதோ ஒன்று ஒன்றிடமிருந்து ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தது, ஒருவர் கொட்டாவி விட்டால் பக்கத்தில் இருப்பவருக்கும் வருமே, அப்படி. ஷெட்டின் கோடியிலிருந்து ஓசை அலை அலையாக அடங்கிக்கொண்டே வந்தது. கடைசியாக சிந்துஜாவின் ஃப்ரேமும் முனகிவிட்டு நின்றது. சக்கரங்கள் கழன்றன. காப்பகத்துக் கதவு திறந்தது.

"இதை நான் செய்யலீங்க அம்மணி," என்றார் லெனக்ஸ், குரலைத் தணித்து.

"நானும் செய்யலை சார்," என்றாள் தாரணி.